சின்ன ஹாலுக்கு நீலமும் பழுப்பும்: விரிப்பு வாங்கப் போகுமுன்

சேலத்து வீட்டின் சின்ன ஹாலுக்கு நீலமும் பழுப்பும் கலந்த விரிப்பு என்று முடிவு செய்துவிட்டால், கடைக்குக் கிளம்புமுன் குனிந்து உங்கள் தரையைப் பாருங்கள். இரண்டில் எந்த நிறம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதைச் சோபாவும் சுவரும் சொல்லாது, தரைதான் சொல்லும்.

சந்தன நிறம் அல்லது வெண்மை கலந்த பளபள டைல்ஸ் என்றால் பழுப்பு இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு. பழுப்பு அந்தத் தரையோடு இழைந்து போகும். விரிப்பு எங்கே முடிகிறது என்று கண் தடுக்காது, அதனால் ஹால் சுருங்காது. அதே தரையில் முழு நீல விரிப்பைப் போட்டால், நடுவில் குளம் வெட்டியதுபோல் விளிம்பு பளிச்சென்று தெரியும். 10×12 அடி அறையில் அந்த நான்கு விளிம்புகளும் அறையைத் துண்டு போட்டுவிடும்.

பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். சிவப்பின்மேல் பழுப்பு அழுக்குத் திட்டு போலத் தெரியும். அங்கே நீலம்தான் முன்னால் நிற்க வேண்டும், பழுப்பு கரைக்கும் கோட்டுக்கும் போதும். மொசைக் தரையில் ஏற்கெனவே பல நிறப் புள்ளிகள் இருப்பதால், பூ வேலை இல்லாத அகலக் கோடு மட்டும் எடுங்கள்.

நீலத்தில் எந்த நீலம்? கருநீலம் வேண்டாம். சேலத்துக் கோடையில் சன்னலைத் திறந்து வைத்தால் வரும் செம்மண் தூசியும், துணிப் பஞ்சும், தலைமுடியும் கருநீலத்தில்தான் முதலில் தெரியும். காலையில் கூட்டினால் மாலையில் மறுபடி கூட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அது கறுப்பாகவும் தெரியும். பல முறை துவைத்துச் சற்றே வெளுத்த ஜீன்ஸின் நீலம் இருக்கிறதே, அதுதான் புழங்கும் ஹாலுக்குத் தாங்கும். அதற்குத் துணையாகப் பழுப்பில் மரவள்ளிக் கிழங்கின் மேல்தோல் நிறத்தைத் தேடுங்கள். கருப்பட்டிப் பழுப்பும் அழகுதான், ஆனால் அடர்ந்த நீலத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒரே இருட்டாகக் கலந்துவிடும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். படத்தில் இரண்டு நிறமும் ஒரே சாம்பலாக வந்தால் அந்த விரிப்பை மடித்துக் கொடுத்துவிடலாம். ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் தெரிய வேண்டும். பிறகு கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்திலும் ஒரு தடவை பாருங்கள். வெள்ளை டியூப்லைட்டின் கீழ் பழுப்பு உயிரற்று, சாம்பல் பூத்ததுபோல் தெரியும். நிறத்தில் குறை என்று நினைத்து நல்ல விரிப்பை விட்டுவிடாதீர்கள்.

அளவை நாடாவில் மட்டும் அளந்தால் போதாது. கோலமாவால் தரையில் 4×6 அடிக்கு ஒரு கட்டம் போடுங்கள், பக்கத்தில் 5×7-க்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வீட்டார் அதன்மேல் நடக்கட்டும். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் எங்கே மாவு கலைகிறதோ, அங்கே விரிப்பின் விளிம்பு வரக்கூடாது. அந்த விளிம்பில்தான் வயதானவர்களுக்குக் கால் தடுக்கும். ஒன்று, வழி முழுதும் விரிப்புக்கு உள்ளே இருக்க வேண்டும், அல்லது முழுதும் வெளியே இருக்க வேண்டும். சோபாவின் முன்கால்களுக்குக் கீழே 6 முதல் 8 அங்குலம் விரிப்பு போக வேண்டும் என்பதையும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனால்தான் விரிப்பு நகராது, சோபாவும் அதுவும் ஒரே தொகுதியாகத் தெரியும். கதவு திறக்கும் பக்கம் என்றால் கதவின் அடி இடைவெளியையும் அளக்க வேண்டும். இல்லையென்றால், முக்கால் அங்குலப் பஞ்சு விரிப்பை வாங்கி வந்து, கதவின் அடியை இழைக்க ஆசாரியைக் கூப்பிடும்படி ஆகிவிடும்.

கோடு போட்ட விரிப்பானால், கோடுகள் அறையின் குறுகிய பக்கமாக ஓடும்படி விரியுங்கள். அறை அகலமாகத் தெரியும். கோடு ஒவ்வொன்றும் 2, 3 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது.

ரகம் என்று வந்தால், சேலத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சங்ககிரி, குமாரபாளையம் தாண்டினால் பவானி. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம், முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்வது. நீலம், பழுப்பு சேர்ந்த சின்ன ஹாலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது எங்கள் எண்ணம். தட்டையாக இருப்பதால் கதவு இடிக்காது, விருந்தாளி வந்தால் சம்மணமிட்டு உட்காரலாம், தட்டுவடை செட் (சட்னியும் காய்த் துருவலும் வைத்த தட்டுவடை) சாப்பிட்டு உதிர்ந்த தூளை வாசலில் உதறிவிடலாம். அதிலிருந்து பீட்ரூட் துருவல் விழுந்தால் உடனே பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வாங்கும்போது மூன்று சோதனை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து நீலப் பட்டையில் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான சாயல் பரவாயில்லை, கைக்குட்டை நீலமாகவே மாறினால் முதல் துவைப்பில் பழுப்புக்குள் இறங்கும். அடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளங்கள். 4×6-இல் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நெசவு கோணல், தரையில் எப்படிப் போட்டாலும் நேராகத் தெரியாது. கடைசியாக, முதுகில் ரப்பர்ப் பசை பூசிய பஞ்சு விரிப்பானால் மடித்து விரித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் பசை காய்ந்துவிட்டது. சேலம் வெயிலில் அது இன்னும் வேகமாகப் பொடியாகி, டைல்ஸில் ஒட்டிக்கொண்டு, நூலும் பிடியிழந்து வரும்.

ஜமக்காளத்தின் ஒரே குறை பளபள டைல்ஸில் வழுக்குவது. வழுக்காமலிருக்க அடியில் போடும் வலையை விரிப்பைவிட நான்கு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் வெளியே எட்டிப் பார்க்கும். மெழுகு போட்ட ரெட் ஆக்சைடு தரைக்கு மலிவான பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம், ஒட்டிக் கறை வைத்துவிடும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் வீடு என்றால் யோசனையை மாற்ற வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், தரை வேர்க்கும். சணல் விரிப்பு ஈரம் குடித்துப் பழுப்புத் திட்டு விடும், பூஞ்சை பிடிக்கும். ரப்பர் முதுகு கொண்டது அடியில் ஈரத்தைப் பூட்டி வைக்கும். அங்கே ஒரு பெரிய விரிப்புக்குப் பதில், ஒரே நிறச் சேர்க்கையில் 3×5 அடியில் இரண்டு மெல்லிய பருத்தி விரிப்பு வையுங்கள். நனைந்தாலும் ஒன்று காயும்போது இன்னொன்று தரையில் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தூக்கி நாற்காலி முதுகில் போட்டுக் காற்றாட விடுங்கள். கம்பளி மலைக்குளிருக்கு இதமானது, ஆனால் பூச்சி அரிக்காமல் மாதம் ஒரு முறை உதறி வெயில் காட்ட வேண்டும். நிறத்தில், பனி வெளிச்சத்தில் நீலம் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும் என்பதால், தரை எதுவானாலும் பழுப்பைக் கொஞ்சம் கூட்டியே எடுங்கள்.

துவைப்பதற்குப் பச்சைத் தண்ணீர், மென்மையான சோப்புத்தூள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையில் சாயமேற்றி வந்த நூலுக்கு அது உதவாது. உண்மையில் நிறம் கலப்பது பெரும்பாலும் காயப்போடும்போதுதான். பட்டைகள் படுக்கையாக வரும்படி கொடியில் தொங்கவிட்டால், நீலத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே உள்ள பழுப்பின் வழியே இறங்கிக் கறை போட்டுவிடும். பட்டைகள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வரும்படி போடுங்கள். நீலத்தின் தண்ணீர் நீலத்துக்குள்ளேயே வடியும். அடிப்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நிழலில் காயட்டும்.