நாவலில் விட்ட இடம்

நாவல் வாசிப்பு விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் நேரத்தைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. பேருந்தில் இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அறுந்துபோவது கதையின் இழை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பக்கம் படித்து மூடி வைத்த புத்தகத்தை வெள்ளிக்கிழமை திறந்தால், இப்போது பேசுவது யார், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு என்று பிடிபடாது. நாலு பக்கம் பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும். மூன்று தடவை இப்படி நடந்தால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். மறுபடி நாவலுக்குத் திரும்புகிறவர்கள் சரிசெய்ய வேண்டியது, ஒரு நாள் வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியைத்தான்.

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தில் மூன்று பக்கங்களைக் கடிகாரம் பார்த்துப் படியுங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம், 200 பக்க நாவலுக்கு 20 நாள். மூன்று நிமிடம் ஆனால் 30 நாள். அதுவும் நல்ல கணக்குதான், மனம் தளர வேண்டாம். பல வருடம் செல்போனில் நாலு வரிச் செய்திகளை மட்டுமே பார்த்த கண், நீண்ட தமிழ் வாக்கியத்தில் முதலில் தடுக்கும். புணர்ந்து நிற்கும் சொற்களைப் பிரித்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் போகும். தினமும் முதல் அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் இந்தத் தடுக்கல் குறையும்.

அடுத்தது, எங்கே நிறுத்துவது. அத்தியாயம் முடிந்ததும் மூடிவைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். விட்ட பழக்கத்தைப் பிடிக்கிறவர்களுக்கு அது தோதான இடம் அல்ல. முடிந்த அத்தியாயம் மனதிலும் முடிந்துவிடுகிறது. அடுத்ததில் ஒன்றரைப் பக்கம் போய், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்காமல், இரண்டு பக்கம் பின்னால் போய்த் தொடங்குங்கள். அந்த நாலு நிமிடத்தைப் பக்கக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தொடர்கதையாக வந்த நாவல்கள் இதற்கு மிகவும் ஒத்துவரும். 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்தது. ஒரு வாரம் காத்திருந்து படிக்கும் வாசகர்களுக்காக எழுதியது என்பதால், முன்பு நடந்ததைப் போகிற போக்கில் நினைவுபடுத்திக்கொண்டே போவார் கல்கி. ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்கு இது கூறியது கூறலாகத் தெரியும். நமக்கு அது பெரிய உதவி. ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். நாளுக்கு இரண்டு என்று வைத்தால் ஐந்து மாதத்துக்குள் முடியும்.

அதில் பலர் சறுக்குவது பெயர்களில். ஆகவே முதல் நாளே ஒரு தபால் அட்டை அளவுத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் உறவும் பதவியும். அருள்மொழிவர்மர் என்று எழுதி, பக்கத்திலேயே 'பொன்னியின் செல்வரும் இவரே' என்று குறிக்க வேண்டும். குந்தவை அவருக்கு அக்கா, ஆதித்த கரிகாலருக்குத் தங்கை. பழுவேட்டரையர் இரண்டு பேர்: பெரியவர் தனாதிகாரி, நந்தினியை மணந்தவர், சின்னவர் தஞ்சைக் கோட்டைக் காவல் பொறுப்பில் இருப்பவர். இந்த இருவரையும் ஒருவராக நினைத்துக்கொண்டு படித்தால் முதல் பாகத்துச் சதியாலோசனைகள் எதுவும் புரியாது. கடைசியாக ஒரு பத்தி காலியாக விட்டு, அந்த ஆளைக் கடைசியில் எங்கே பார்த்தோம் என்று பென்சிலால் எழுதுங்கள்: 'காஞ்சி', 'ஈழம்', 'பழையாறை'. ஆள் இடம் மாறும்போது அழித்து எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு பத்திதான் வாரக்கணக்கில் விட்டுப்போன கதையையும் மீட்டுக் கொடுக்கும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. அதனால் பல பதிப்பகங்கள் இதைப் போடுகின்றன, விலையும் தரமும் ஏகத்துக்கு மாறும். ஐந்து பாகங்களையும் ஒரே தொகுதியாகக் கட்டிய புத்தகம் மலிவாகக் கிடைக்கலாம், வாங்காதீர்கள். ஒரு கையில் பிடிக்க முடியாது. நடுமடிப்பில் எழுத்துகள் உள்ளே போய்விடும், விரித்து அழுத்தினால் முதுகு பிளக்கும். கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரியாவிட்டால் அந்தப் பதிப்பு வேண்டாம். புள்ளி மங்கினால் கண் ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்க வேண்டிவரும், பத்தாவது பக்கத்திலேயே களைப்பு வந்துவிடும்.

வட்டார வழக்கு நாவல்களில் தடங்கல் வேறு விதம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கரிசல் பேச்சில் நடப்பது. கண்ணால் மட்டும் ஓட்டினால் அந்நியமாக இருக்கும் வரிகள், உதட்டை அசைத்துப் படித்தால் சட்டென்று திறந்துகொள்ளும். ஆந்திரத்திலிருந்து தப்பி வந்து குடியேறியவர்களின் கதையைப் பாட்டி சொல்லும் இடங்களில் இதைச் செய்து பாருங்கள். தெரியாத சொல் வந்தால் அகராதிக்கு ஓடாமல் ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள். அதே சொல் இரண்டு மூன்று முறை திரும்ப வரும்போது பொருள் தானாகத் தெளிந்துவிடும். அப்படியும் மிஞ்சுகிறவற்றுக்குக் கி.ரா.வே கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்து வைத்திருக்கிறார்.

படுக்கைக்குப் போகும்போது படிக்கலாம் என்று தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழக்கம் உறுதிப்பட்டவர்களுக்கு அது சரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுவார்கள், அந்த இரண்டு பக்கமும் காலையில் நினைவில் இருக்காது. இடைவெளி மறுபடி அகலும். காலைக் காப்பிக்குப் பிறகான பதினைந்து நிமிடம் அதைவிட எவ்வளவோ மேல். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். செல்போனிலேயே மின்னூலாகப் படிப்பதானால் இணையத்தை அணைத்துவிட்டுத் திறங்கள்.

மூன்று வாரம் விட்டுப்போய்விட்டதா? முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கவே கூடாது. பலருடைய அலமாரியில் முதல் அறுபது பக்கம் மட்டும் அழுக்கேறி, மீதி புத்தம் புதிதாக நிற்கும் நாவல்கள் இப்படி உருவானவைதான். பெயர்த் தாளைப் படியுங்கள், கடைசியாக முடித்த இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள், அங்கிருந்து முன்னால் போங்கள். ஐம்பது பக்கம் தாண்டியும் அந்த மனிதர்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை வரவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம். மொழி கடினமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள், அது முப்பது நாற்பது பக்கத்தில் பழகிவிடும்.

பெரிய நாவல் முடிந்ததும் உடனே இன்னொரு பெரிய நாவலை எடுத்தால் மனம் பழைய மனிதர்களிடமே நிற்கும். சின்னதாக ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அப்படி ஒன்று. சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவே ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையின் கதை. ஆட்கள் குறைவு, பெயர்த் தாளே தேவைப்படாது. நாளுக்குப் பத்துப் பக்கம் படிக்கிறவர்கள்கூடச் சில வாரங்களில் முடித்துவிடலாம்.