ஊடனடாட்டா தடத்தில் இரண்டு நாய்களோடு

ஜூலை 9, மாரீ

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்து கிளம்பி இன்றோடு மூன்று நாள். ஊடனடாட்டா தடம் என்கிற பாலைவன மண் சாலை இந்த மாரீயில்தான் தொடங்குகிறது. ஊருக்குள் வந்ததும் கண்ணில் பட்டது சாலைப் பலகைதான். வில்லியம் கிரீக்: மூடியது. ஊடனடாட்டா: மூடியது. மார்லா: மூடியது. முந்தாநாள் மழையாம். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத பூமி, நாங்கள் வருகிற வாரம் பார்த்துப் பெய்திருக்கிறது. ஈர மண்ணில் கேரவனை இழுத்துப் போனால் சக்கரம் பதிந்த பள்ளம் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம். அதனால்தான் மூடிய சாலையில் போனால் அபராதம். நியாயம்தான், ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் இல்லாத ஒரே ஜீவன் ராணி. பதினொரு வயது லாப்ரடார். காது பாதி கேட்காது, மீதி நடிப்பு. கேரவன் நின்றதும் அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

ஜூலை 10, மாரீ

இன்றும் மூடியதுதான். நாய்களைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். சுற்ற அரை மணி போதும். பழைய ரயில் நிலையம், ஓடாத இரண்டு எஞ்சின்கள், ஒட்டகக்காரர்கள் தொழுத மசூதியின் மாதிரியாக மண்ணும் கீற்றும் வைத்துக் கட்டிய ஒரு கூரை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாலைக்கு மூட்டை சுமந்த ஒட்டகங்களை ஓட்ட வந்தவர்களில் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளில் இருந்து வந்தவர்களும் உண்டு. எல்லோரையும் சேர்த்து 'ஆப்கான்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பாலை வழியாக ஓடிய ரயிலுக்கும் அதுவே சுருங்கி 'கான்' என்று ஆனது. அந்தப் பழைய பாதை 1980-இல் மூடப்பட்டது. நாங்கள் போகப்போகிற 620 கிலோமீட்டர் மண் சாலை பெரும்பாலும் அதை ஒட்டியேதான் போகிறது.

மத்தியானம் வாய்க்கூடைப் பயிற்சி. போரடிக்கும் மாட்டுக்குப் போடுவோமே, அதே வேலைதான், இது பிளாஸ்டிக். டிங்கோ என்கிற காட்டு நாய்களைக் கொல்ல இங்கே கறித்துண்டில் '1080' என்ற விஷத்தை வைத்துப் போட்டு வைப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சில செடிகளிலேயே இந்த விஷம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த காட்டு விலங்குகள் பலவும் அதைத் தாங்கும். நாய் தாங்காது. மாற்று மருந்தும் கிடையாது.

கூடைக்குள் நெய் தடவினேன். ராணி நெய்யை நக்கிவிட்டுப் பேசாமல் இருந்தாள். சுண்டல் மூன்று வயது கெல்பி. ஆட்டு மந்தையை மேய்க்கப் பிறந்த சாதி, கேட்பானா? முன்னங்காலால் கூடையைப் பிறாண்டிக்கொண்டே தரையில் மூக்கைத் தேய்த்து ஒரு முழு வட்டம் அடித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 12, வில்லியம் கிரீக்

பலகை 'திறந்தது' என்று மாறிவிட்டது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். முக்கால் மணியில், டிங்கோ தெற்கே வராமல் தடுக்கும் நாய் வேலி வந்தது. 5,614 கிலோமீட்டர் நீளம், ஆளுயரக் கம்பி வலை, குவீன்ஸ்லாந்தில் தொடங்கித் தெற்குக் கடலில் போய் முடிகிறது. தெற்கே ஆடு, வடக்கே மாடு. தெற்கே டிங்கோ தலை காட்டினால் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம். நம்ம வீட்டு நாய்கள் இரண்டும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வேலியைத் தாண்டின.

சாலை தகரக் கூரை போல வரிவரியாக மேடு பள்ளம். இரண்டு மணி நேரம் பல் கிட்டித்தபடி போய், டீ போடலாம் என்று கேரவன் கதவைத் திறந்தால் ஒரே நெடி. அலமாரித் தாழ்ப்பாள் கழன்று ரசப்பொடி டப்பா கொட்டியிருக்கிறது. மெத்தை, தலையணை, சுண்டலின் போர்வை எல்லாவற்றிலும் ரசப்பொடி, அதன் மேல் செம்புழுதி. சுண்டல் உள்ளே ஏறி ஏழு தும்மல் போட்டான். எண்ணினேன்.

அப்புறம் குமிழ் ஊற்று. இந்தக் கண்டத்தின் அடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரவிக் கிடக்கும் நிலத்தடி நீர், சில இடங்களில் தானாகப் பொங்கி மேடு கட்டி நிற்கிறது. அது பாதுகாக்கப்பட்ட பூங்கா, நாய்க்கு அனுமதி இல்லை. ஆக வழக்கமான ஏற்பாடு. பெரிய சாலை ஓரத்திலேயே கேரவனைக் கழற்றி நிறுத்தி, ஒருவர் நாய்களோடு உட்கார, இன்னொருவர் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இந்தப் பயணத்தில் இதுவரை பார்க்கத்தக்கது என்று சொல்லப்பட்ட எதையும் நாங்கள் சேர்ந்து பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டியது.

முதலில் இவர் போனார். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் கடந்துபோன வண்டிகள் நான்கு. நான்கும் நின்று, "உதவி ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போயின. கார் இல்லாமல் கேரவன் மட்டும் நின்றால் அப்படித்தானே தோன்றும். நான்காவது வண்டிக்காரர் வாழைப்பழம் கொடுத்தார்.

"எப்படிங்க இருந்தது?"

"கேழ்வரகுக் கூழ் கொதிக்குமே, அடியில் இருந்து ஒரு குமிழ் வந்து ப்ளக் என்று உடையுமே, அதேதான்."

நான் போனபோது கொதிக்கவே இல்லை. தெளிந்த தண்ணீருக்குள் மணல் மெதுவாகப் பூத்துப் பூத்து அடங்கியது. எறும்புப் புற்று வாயில் ஊதின மாதிரி. திரும்பி வந்து சொன்னேன், இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 13, வில்லியம் கிரீக்

ஒரு ஓட்டல், ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு விமான ஓடுதளம். சுற்றிலும் அன்னா கிரீக், உலகத்திலேயே பெரிய மாட்டுப் பண்ணை. சின்ன விமானத்தில் ஏர் (Eyre) என்ற உப்பு ஏரியின் மேல் சுற்றிக் காட்டுகிறார்கள். இவர் போய்வந்தார். என் முறை வந்தபோது காற்று அதிகம், கிளம்பவில்லை. நான் துணி துவைத்தேன்.

ஜூலை 14, அல்கபக்கினா

இங்கே முறை வைத்துப் போகத் தேவைப்படவில்லை, நாய்களும் வரலாம். நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீள இரும்புப் பாலம், 1892-இல் கட்டியது. ரயில் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் துருவேறிக் கம்பீரமாக நிற்கிறது. பக்கத்தில் ஆழமான மடு, வெள்ளைக் கொண்டைக்கிளிகள், கரையில் யார் வேண்டுமானாலும் தங்கலாம். நான்கு பேரும் பாலத்தடியில் நடந்தோம்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கட்டும் என்று சுண்டலின் கூடையைக் கழற்றினேன். கிண்ணத்தை எடுக்கத் திரும்பி மறுபடி பார்க்கிறேன், புதர் ஓரம் எதையோ மெல்கிறான்.

ஓடிப்போய்த் தாடையைப் பிளந்து விரலை விட்டேன். கடித்துவிட்டான், வேண்டுமென்று அல்ல. வெளியே வந்தது கறுத்துக் காய்ந்த ஒரு துண்டு. கட்டைவிரல் நீளம், ஒரு முனை பிய்ந்திருந்தது. கறியா, தோலா? இவர் டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தெரியவில்லை. பிய்ந்த முனை எங்கே? அதுவும் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. மிருக வைத்தியர் இருக்கும் ஊர் ஒரு நாள் ஓட்டம். இருட்டில் மாடும் கங்காருவும் குறுக்கே வரும் சாலையில் கேரவனோடு கிளம்ப முடியாது.

அந்த விஷம் உள்ளே போனால் சில மணி நேரத்தில் வெறி பிடித்தது போல ஓடும், ஊளையிடும், பிறகு வலிப்பு வரும் என்று படித்திருக்கிறோம். சுண்டலை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கம்பளிக்குள் உட்கார்ந்தோம். மணிக்கு ஒருதரம் இவர் டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்ப்பார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. ராணி மட்டும் குறட்டை. நடுராத்திரிக்கு மேல் அவன் திடீரென்று எழுந்து நின்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி என் காலடியிலேயே சுருண்டான்.

ஜூலை 15, அதே இடம்

விடிந்தது. சுண்டல் சாப்பாட்டுத் தட்டைக் காலால் தட்டினான். துண்டை வெளிச்சத்தில் பார்த்தோம், ஓரத்தில் தையல் ஓட்டை வரிசையாக. யாரோ வீசிவிட்டுப் போன பூட்ஸின் நாக்கு.

இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பகல் முழுக்கத் தூங்கினோம்.

ஜூலை 17, மார்லா

தார் ரோடு. நேற்று ஊடனடாட்டாவில் உச்சி முதல் தரை வரை ரோஜா நிறம் பூசிய கடையில் டீசல் போட்டோம். 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி கொதித்த ஊர் அது. நேற்று எல்லோரும் ஸ்வெட்டரில் நின்றோம். சுண்டல் இப்போது கூடையைக் கண்டால் தானே மூக்கை நீட்டுகிறான். நெய் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

தலையணையை எத்தனை தட்டினாலும் ரசவாசனை போகவில்லை. ராத்திரி இவர் குமிழ் ஊற்று வீடியோவைப் போட்டுக் காட்டினார். "பார், கூழ்." முழுக்கக் காற்று இரைச்சல், கை வேறு ஆடியிருக்கிறது. எனக்கு அது புற்று மாதிரிதான் தெரிந்தது.