கமரா உள்ளதைத்தான் காட்டும்

"கமரா உள்ளதைத்தான் காட்டும், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினேன். ஒரு சாமத்தியச் சடங்குக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். தாய்மாமன் பாலறுகு வைத்து, தண்ணீர் வார்த்து, அலங்காரமும் முடித்துப் பிள்ளையை மணவறையில் இருத்தியிருந்தார்கள். ஆராத்தித் தட்டுகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த இடைவெளியில் கமராவின் பக்கத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். தன்னைத் தானே பார்த்தால் பிள்ளைகளின் முகத்தில் உள்ள இறுக்கம் குறையும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, கையும் முகத்தைப் போல வெள்ளையாக வராதா?"

அலங்காரம் செய்தவர் பிள்ளையின் நிறத்தைவிட நன்றாக வெளுத்த பவுண்டேஷனைப் பூசியிருந்தார். அது கழுத்தோடு நின்றுவிட்டது. கைகள் அவளுடையவை, விசுவமடு வெயிலில் ஓடித் திரிந்த நல்ல கறுப்புக் கைகள். நேரில் அவ்வளவாக உறுத்தாத வேறுபாட்டைத் திரை பிடித்துக் காட்டியது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வேறொரு பதிலும் என்னிடம் இருந்தது.

படத்தின் நிறமும் வெளிச்சமும் எப்படிப் பதிய வேண்டும் என்று கமராவில் சேமித்து வைக்கும் பிக்சர் புரொஃபைலுக்குள் பிளாக் காமா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. படத்தின் வெளிச்சமான பகுதிகளைப் பெரிதாகத் தொடாமல் இருண்ட பகுதிகளை மட்டும் உயர்த்தவும் தாழ்த்தவும் அது உதவும். என் கமராவில் -7 முதல் +7 வரை போகும். அதை மூன்று நான்கு படி ஏற்றி, நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் கலர் லெவலைச் சற்றுக் குறைத்திருந்தால் அவளுடைய கைகள் முகத்தின் பக்கம் நெருங்கி வந்திருக்கும். அரை நிமிட வேலை. தலைமுடியின் கறுப்புச் சாம்பல் பூத்திருக்கும், மணவறையின் பின்திரை வெளிறியிருக்கும். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

எனக்குக் காரணங்கள் இருந்தன. காலை முழுவதும் நிறத்தோடுதான் மல்லுக்கட்டினேன். நீலத் தறப்பாள் ஊடாக வரும் வெயில் எல்லா முகங்களையும் நீலமாக்கும். மணவறை விளக்குகள் மஞ்சளாக அடிக்கும். ஒளியின் நிறத்துக்குக் கமராவில் வைக்கும் அளவுகளில் வெளியிடத்துக்கான 5600 கெல்வினும் சரிவராது, உள்ளிடத்துக்கான 3200உம் சரிவராது. வெள்ளைக் கடதாசி பிடித்து எது வெள்ளை என்று கமராவுக்குக் காட்டி, அந்த இடத்திலேயே வெண்சமநிலை எடுக்க வேண்டும். அவசரத்துக்கு யாருடைய வேட்டியையாவது காட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டிக்கு நீலம் போட்டிருந்தால், கமரா அந்த நீலத்தை ஈடுசெய்யப் போய் முழுப் படத்தையும் மஞ்சளாக்கிவிடும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50இல் வைத்தால் விளக்குகள் பெரும்பாலும் துடிக்காது. ஜெனரேட்டருக்கு மாறினால் அதுவும் நிச்சயமில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு நிலைக்குக் கொண்டுவந்த நிறத்தை நடுவில் மாற்றினால், முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் ஒட்டாது. இதைச் சாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். எடிட்டிங் மேசையில் இருந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

ஆனால் அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. "நிறம் ஒட்டாது, பிள்ளை" என்று சொல்லியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உள்ளதைத்தான் காட்டும் என்றேன். அந்த நேரத்தில் என் கமராவில் ஓடிக்கொண்டிருந்தது, கொண்டாட்டங்களுக்கென்று நான் செய்து சேமித்து வைத்திருக்கும் புரொஃபைல். அதில் ஸ்கின் டோன் டீட்டெய்ல், அதாவது தோலின் நுணுக்கங்கள் துல்லியமாகத் தெரியும் அளவு, குறைக்கப்பட்டிருக்கும். பருக்களும் கண்ணடிச் சுருக்கங்களும் மெல்ல அடங்கும். பட்டுச் சேலையின் சிவப்புப் பொங்கி மடிப்புகளை விழுங்கிவிடாமலிருக்கச் சிவப்பைக் கொஞ்சம் அடக்கியிருப்பேன். பந்தலுக்கு வெளியே தெரியும் மணல் முற்றம் வெந்து வெள்ளையாகாதபடி, உச்ச வெளிச்சத்தை மடக்கும் அமைப்பும் போட்டிருப்பேன். ஆராத்தி எடுக்க வந்தவர்களில் ஒரு பெரியம்மாவின் கன்னத்தில் ஷெல் துண்டு பட்ட தழும்பு இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே என் அமைப்பு அந்தத் தழும்பை மென்மையாக்கிக்கொண்டிருந்தது. கேட்ட பிள்ளைக்கு மட்டும் உண்மையைப் பற்றிப் பாடம் சொன்னேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2008இலும் 2009இலும் வன்னிச் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போயின. தர்மபுரத்தில் விட்டவர்கள் உண்டு, முள்ளிவாய்க்கால் வரை காவிக்கொண்டுபோய் அங்கே விட்டவர்கள் உண்டு. அந்தப் பிள்ளையின் தாயிடம் தன் சாமத்தியச் சடங்கின் படம் ஒன்றுகூட இல்லை. "எனக்குத்தான் இல்லை, இவளுக்காவது இருக்கட்டும் தம்பி" என்று சொல்லித்தான் முற்பணம் தந்தார். அப்படியான வீட்டில் எடுக்கிற படத்தில் பிள்ளை அவளாகவே இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். முப்பது வருடம் கழித்து அவளுடைய பிள்ளைகள் பார்க்கும்போது, அது இன்னொருத்தியின் தோலாக இருக்கக்கூடாது. இதை எழுதும்போதும் அந்த நம்பிக்கை என்னைவிட்டுப் போகவில்லை.

அப்படியென்றால் ஸ்ரூடியோவில் நான் செய்வது என்ன? இறந்தவரின் பழைய அடையாள அட்டையில் இருக்கும் முத்திரை அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து, பெருப்பித்துத் தரும்படி கேட்பார்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே படம் அதுவாக இருக்கும். நிறம் ஏற்றுகிறேன், கோட்டும் டையும் போட்டுவிடுகிறேன். "இவர் நல்ல நிறம், தம்பி" என்று மனைவி சொன்னால் நல்ல நிறமாக்குகிறேன். அவர் உண்மையில் அந்த நிறமா என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இறந்தவருக்குத் தாராளமாகக் கொடுத்ததை, எனக்கு முன்னால் உயிரோடு இருந்து கேட்ட பிள்ளைக்கு ஏன் மறுத்தேன்? இரண்டும் ஒன்றல்ல என்று மனம் சொல்கிறது. எப்படி ஒன்றல்ல என்று கேட்டால் மனத்திடம் தெளிவான பதில் இல்லை.

நான் 'உள்ளது' என்று சொன்னதே யாருடைய அளவு என்ற கேள்வியும் பின்னர்தான் எழுந்தது. வேலை பழகிய காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது: வெளிச்சம் குறித்த அளவைத் தொடும் இடங்களில் திரையில் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவை 70 வீதத்தில் வை, முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் கோடு விழும்வரை, லென்ஸுக்குள் ஒளி வரும் துளையான ஐரிஸைத் திற. அது வெள்ளைத் தோலை வைத்துப் பழக்கத்துக்கு வந்த அளவு. நமது ஆட்களின் முகத்தில் 70க்குக் கோடு விழும்வரை திறந்தால் முகம் வெளிறி, பின்னால் இருப்பதெல்லாம் வெந்துபோகும். அதற்கு முந்தைய பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல்லாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். பல நிறத்தவரையும் சேர்த்த அட்டை 1990களில்தான் வந்தது. ஆகவே அந்தப் பிள்ளையின் கை திரையில் அப்படித் தெரிந்ததற்கு அவளுடைய நிறம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வெளுத்த முகத்துக்கு ஏற்றபடி நான் ஐரிஸை மூடியிருந்தேன். அதனால் கைகள் நேரில் இருந்ததைவிட ஒரு படி இருட்டாகவே பதிந்திருந்தன. உள்ளதைத்தான் காட்டும் என்று நான் சொன்ன படத்தில், உள்ள நிறம் முகத்திலும் இல்லை, கையிலும் இல்லை.

எடிட்டிங் செய்யும்போதுதான் மற்றதைக் கண்டேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு எடுத்த எந்தக் காட்சியிலும் அவளுடைய கைகள் முழுதாக இல்லை. சேலைத் தலைப்புக்குள் இருக்கின்றன, பூச்செண்டுக்குப் பின்னால் இருக்கின்றன, மாமியின் தோளுக்குப் பின்னால் போய்விடுகின்றன. தட்டுகள் சுற்றப்படுகின்றன, தீபம் அசைகிறது, அவள் சிரிக்கிறாள், கைகளைக் காணவில்லை. படம் எடுத்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் அவளாகவே இருக்க வேண்டும் என்று நான் காப்பாற்றிய படத்தில் அவள் தன்னை ஒளித்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தின் நிறங்களை வட்ட வரைபடத்தில் அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் அவளுடைய முகத்தையும் கழுத்தையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். வெள்ளையோ கறுப்போ, மனிதத் தோலின் சாயல் கிட்டத்தட்ட ஒரே கோட்டை ஒட்டியே விழும். கூடிக் குறைவது வெளிச்சமும் நிறச் செறிவும்தான். கழுத்து அந்தக் கோட்டில் ஒழுங்காக நின்றது. பவுண்டேஷன் பூசிய முகம் விலகி நின்றது. அதைக் கண்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று. பிறகு அந்த நிம்மதியே பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வெக்டர்ஸ்கோப்பைக் காட்டி, நீதான் கோட்டில் நிற்கிறாய், பூச்சுத்தான் விலகி நிற்கிறது என்று யார் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். அந்த மணவறையில், ஆராத்திக்கு ஆட்கள் காத்துநிற்க, சொல்லியிருக்க முடியாது. இரண்டும் உண்மை.

முகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கழுத்தோடு சேர்த்துத்தான் கடைசியில் கொடுத்தேன். தாய் பார்த்துவிட்டு, நல்ல வடிவாக வந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். பிள்ளை என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை தாய் திரும்பவும் அழைத்தார். சின்னவளும் பெரியபிள்ளையாகிவிட்டாளாம், ஆவணியில் சடங்காம், நானே வரவேண்டுமாம். அலங்காரம் யார் என்று கேட்டேன். அதே ஆள்தான். பிள்ளையின் நிறத்துக்கே பூசச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வீடியோக்காரன் சொல்லக்கூடிய பேச்சா, அந்த வீட்டுப் பெண்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தயங்கி, முற்பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

கமராவில் புதிதாக ஒரு புரொஃபைல் செய்திருக்கிறேன். பிளாக் காமா +2. மூன்றுக்குப் போனால் தலைமுடி சாம்பலாகிறது, ஒன்றில் வித்தியாசமே தெரியவில்லை. ஸ்கின் டோன் டீட்டெய்லைத் தொடவில்லை. ஐரிஸை முகத்துக்குப் பார்த்து வைப்பதா, கைக்குப் பார்த்து வைப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.