பயணத்தில் எனக்குச் சோறு போட்ட சொற்கள்

ஒசாகாவில் ஒரு சின்னக் கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் சோறு, வதக்கிய காய், டோஃபு என்ற சோயாக் கட்டி மிதக்கும் மிசோ சூப் எல்லாம் வந்தன. பாதி சூப்பைக் குடித்த பிறகுதான் மீன் வாசனை உறைத்தது. கேட்டேன். "மீன் இல்லை, தாஷிதான்" என்றார்.

தாஷி என்பது புகைபோட்டு உலர்த்திச் சீவிய மீனையும் கொம்பு என்ற கடற்பாசியையும் நீரில் போட்டுச் சாறு இறக்கி வடிகட்டுவது. ஜப்பானியச் சமையலில் பாதிக்கு அதுதான் அடித்தளம், சூப்பில் மட்டுமல்ல, காய் வேகவைக்கும் நீரிலும் நூடுல்ஸ் குழம்பிலும் இருக்கும். வடிகட்டிய பிறகு மீன் துண்டு ஒன்றுகூட மிஞ்சாது, அதனால் அவர் கணக்கில் அது மீனே இல்லை. அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அட்டையில் எழுதியிருந்ததை அவர் அப்படியே செய்து கொடுத்தார், என் கேள்விதான் அரைகுறை.

அடுத்த வாரம் கோயாசான் மலைக்குப் போனேன். அங்கே 50க்கும் மேற்பட்ட புத்தக் கோயில்களில் பயணிகள் தங்கலாம், சாப்பாடும் அங்கேயே. அந்தச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர், துறவிகளின் உணவு. தாஷியைக்கூடக் கொம்பிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் எடுக்கிறார்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறி இறுக வைத்த ஒரு டோஃபு கொடுத்தார்கள், அதில் சோயாவே கிடையாது. வாயில் வைத்ததும் கரைந்து எள் வாசனை மட்டும் நின்றது, இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு வாரமாக நான் அட்டையும் கையுமாகத் தேடிய சாப்பாடு, அதே நாட்டில் பல நூற்றாண்டுகளாக வேறு பெயரில் இருந்திருக்கிறது. பெயர்தான் எனக்குத் தெரியவில்லை.

வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய சிறு குழுவும் உருவாக்கியது. ஆனால் விலங்குப் பொருள் இல்லாமல் சமைத்துச் சாப்பிடுவது அதைவிட எவ்வளவோ பழையது, பல நாடுகளில் நோன்பிலும் துறவிலும் ஊறிப்போன பழக்கம். அதனால் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் நான் முதலில் தேடுவது அந்த மக்கள் அதற்கு வைத்திருக்கும் சொந்தச் சொல்லை. வீகன் உணவகங்களின் பட்டியலைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன்.

தாய்லாந்தில் அந்தச் சொல் 'ஜே'. மஞ்சள் நிறப் பின்னணியில் சிவப்பாக எழுதியிருக்கும், தெருவோர வண்டியில் அதைப் பார்த்தால் போதும், மீன் சாஸ், சிப்பி சாஸ், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பூண்டு, வெங்காயமும் இருக்காது, அவை இல்லாமல் சாப்பிடப் பிடிக்காதவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கும், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். அந்த நாட்களில் தெருவே மஞ்சள் கொடியாகிவிடும், நான் பயணத்தை அதற்கேற்ற மாதிரியே அமைத்துக்கொண்டேன். 'மங்சவிரத்' என்ற வேறு சொல்லும் காதில் விழும், அதில் முட்டையும் பாலும் இருக்கலாம், கவனம். தைவானில் இன்னும் வசதி: சைவம் என்று விற்கும் பொட்டலங்களில் முட்டை உண்டா, பால் உண்டா, இரண்டும் இல்லையா என்று ஐந்து வகையாகப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது எத்தியோப்பியாதான். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் நோன்பு, பெரிய நோன்பு 55 நாள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. மற்ற நாட்களில் பருப்புக் குழம்பில்கூட வாசனைப் பொருள் போட்டு உருக்கிய வெண்ணெய் சேர்ப்பார்கள், நோன்பு நாளில் எண்ணெய்க்கு மாறிவிடுவார்கள். அதனால் அங்கே கேட்க வேண்டியது இது 'சோம்' சாப்பாடா என்பதுதான், சோம் என்றால் நோன்பு. தோசைபோல இருக்கும் இஞ்செரா மேல் ஏழெட்டு வகைக் குழம்பும் கூட்டும் வட்டமாக வைத்து ஒரே தட்டு வந்தது, பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னை யாரும் விருந்தாளிபோலப் பார்க்கவில்லை, எனக்கென்று தனியாக எதுவும் செய்யவும் இல்லை. பயணத்தில் இந்த உணர்வு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

விமானத்துக்கும் ஒரு சொல் உண்டு, விஜிஎம்எல். முட்டை, பால் இரண்டும் இல்லாத சாப்பாட்டுக்கான குறியீடு அது. ஏவிஎம்எல் என்பது ஆசியச் சைவம், அதில் பால் பொருள் வரும். முதல் நீண்ட பயணத்தில் 'சைவம்' என்று இருந்த ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு, பதினோரு மணி நேரத்தை ஒரு ஆப்பிளிலும் வறுகடலையிலும் ஓட்டினேன். குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள், இணைப்பு விமானத்துக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். பையில் கடலையும் பேரீச்சையும் எப்படியும் இருக்கட்டும், பி12 மாத்திரையும் கூட, செடிகொடியை மட்டும் நம்பி அந்த வைட்டமினைப் பெற முடியாது.

ஐரோப்பியக் கடைகளில் பொட்டலத்தைத் திருப்பினால் போதும், ஒவ்வாமை தரும் 14 பொருட்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்டியாக வேண்டும், பாலும் முட்டையும் அதில் அடக்கம். தேன் அதில் இல்லை, அதைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு கவனமாக வெளிநாடு சுற்றிய நான், சொந்த நாட்டுக்குள் போகும்போதுதான் அதிகம் தவறினேன். மொழி தெரியும், சமையல் தெரியும், எதற்குக் கேட்பது என்ற நினைப்பு. சைவம் என்றதும் பாலும் தயிரும் உள்ளே வந்துவிடும் என்பது தெரிந்தும், "சைவம்தானே?" என்றே கேட்டுப் பழகியிருக்கிறேன். நண்பரின் வீட்டில் ஒருமுறை அவருடைய அம்மா எனக்காகவே காய்களை எல்லாம் வேகவைத்து, கடைசியில் அன்பாக மேலே ஒரு கரண்டி வெண்ணெய் விட்டார். அவர் முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒசாகாவில் முன்பின் தெரியாதவரிடம் அட்டை நீட்டத் தெரிந்த எனக்கு, அந்த வீட்டுக்கு முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். போன மாதம் அதே வீட்டுக்குப் போவதற்கு முன் அம்மாவிடமே போனில் பேசினேன்: "பாலும் வெண்ணெயும் வேண்டாம் அம்மா, எண்ணெயில் தாளித்தால் போதும்." அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று.