நெல்லை வரலாற்றில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு

இணையத்தில் 'திருநெல்வேலி' என்று தட்டிவிட்டு, பழைய தரவு ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் ஊர் 'டின்னவெல்லி' (Tinnevelly), பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா' (Palamcottah). அந்தப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். 1917-இல் வந்த எச்.ஆர். பேட் என்பவரின் மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) அப்படித்தான் அகப்படும்.

பெரிய வில்லங்கம் மாவட்ட எல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் எல்லாம் 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இங்கேதான் இருந்தன. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தன. 1901 மக்கள்தொகைக் கணக்கை 2011-உடன் அப்படியே ஒப்பிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். தாலுகா தாலுகாவாகப் பிரித்துக் கூட்டுங்கள். அலுப்புப் பிடித்த வேலைதான், வேறு வழியில்லை.

பழைய பத்திரத்தில் கொல்லம் ஆண்டு (ஆவணியில் தொடங்கும் பழைய ஆண்டுக் கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டுக்கு மாற்ற ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டவும். கொல்லம் 1076 தை என்றால் 1901; அதே ஆண்டு ஐப்பசி என்றால் 1900. மார்கழிப் பாதியில் ஆங்கில ஆண்டு மாறுவதால் தேதியையும் பார்க்க வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுசாகவே கிடைக்கும். அவற்றின் துணைநூற்பட்டியல்தான் நமக்குப் புதையல். ஆனால் அதில் கண்ட மேற்கோளை மூலநூலைப் பார்க்காமல் அடிக்குறிப்பில் ஏற்றாதீர்கள். பக்க எண் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு உங்கள் பெயரில் ஏறிவிடும்.