நான்காவது வடிவம்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து கருவி வடிவமைக்கும் வகுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நிபந்தனை: வார்டுக்குப் போய்க் கவனித்து வரும்வரை யாரும் சால்டரிங் அயர்னைத் தொடக்கூடாது.

இந்த முறை ஒரு குழு, குளுக்கோஸ் பாட்டில் தீரும் முன் எச்சரிக்கும் கருவியை எடுத்துக்கொண்டது. சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அகச்சிவப்புக் கதிரைச் சொட்டு மறிக்கும்போதெல்லாம் எண்ணினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஆய்வகத்தில் அருமையாக எண்ணியது. வார்டில், ஜன்னலோரக் காலிக் கட்டிலருகே வெயில் பட்டதும் தாறுமாறாக எண்ணியது; வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. கதிரைத் துடிக்கவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று சொன்னவள், அதுவரை குழுவில் வாயே திறக்காத பெண். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! பிறகு நர்ஸ் சேச்சி, "மணி அடிக்க வேண்டாம் மோளே, நோயாளிகள் தூங்கட்டும். எங்கள் மேசையில் விளக்கு எரிந்தால் போதும்" என்றார். பஸ்ஸரைக் கழற்றிவிட்டார்கள்.

மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் குழுவினரே ஒருவருக்கொருவர் போடுகிறார்கள். ஒருவர் உழைக்க மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வது இதனால் குறைகிறது.

தோல்வியடைந்த மாதிரிகளையும் அறிக்கையில் கேட்கிறேன். பக்கத்துத் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவரும் பொறியாளர்களும் சேர்ந்து உழைத்த வேலை அது.

அடுத்த பருவத்துக்கு, ரப்பர் பால் வெட்டுபவர்களின் மணிக்கட்டு வலியைத் தலைப்பாக எடுக்க நினைக்கிறேன். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் மாணவர்களை வந்து பார்க்க அனுமதிப்பீர்களா?