பின்கதவு எழுத்து

பழைய கார் ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தால் நான் முதலில் போய் நிற்பது அதன் பின்பக்கம். பானட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம். டிக்கி கதவில் இருக்கும் எழுத்துகள் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பேன். கம்பெனியில் ஒட்டி வந்த எழுத்து நேர்கோட்டில் நிற்கும், இடைவெளி பிசகாது. வெளியில் ஒட்டியது என்றால் ஏதாவது ஒரு முனை நூலளவு ஏறியிருக்கும். ஓரத்தில் டபுள் டேப்பின் கறுப்பு நுரை எட்டிப் பார்க்கும், அதில் அழுக்கு படிந்திருக்கும். கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கி விற்கும் யார்டு ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். எந்த எழுத்து வண்டியோடு பிறந்தது, எது பின்னால் வந்தது என்று பெரும்பாலும் விரல் பட்டதுமே தெரிந்துவிடும்.

காரணம் எளிது. ஒரு காலத்தில் ஒட்டியவனே நான்தான். 2008-ல், பத்தொன்பது வயதில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் சேர்ந்தேன். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சீட் கவர், மேட், ஸ்பீக்கர், ஹாரன், அலாய் வீல் கடைகள். பாதி வேலை ரோட்டோரத்திலேயே நடக்கும். எனக்குக் கொடுத்தது ஸ்டிக்கரும் பேட்ஜும். கதவைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போக ஸ்பிரிட் போட்டு, காகித டேப்பால் ஒரு கோடு பிடித்து, அந்தக் கோட்டின் மேல் எழுத்தை உட்கார வைக்க வேண்டும். முதலாளி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: “அளக்காம ஒட்டாதடா. வண்டிக்காரன் தினமும் பாக்கப் போறது இதைத்தான்.”

ஸ்விஃப்ட்டின் கிரில்லுக்கு பி.எம்.டபிள்யூ.வின் மூன்று நிறக் கோடு போட்ட ‘எம்’. ஹோண்டா சிட்டிக்குச் சிவப்பு ‘எச்’. இன்னோவாவுக்கு டொயோட்டாவின் பந்தயப் பிரிவுப் பெயரான ‘டி.ஆர்.டி.’ இவையெல்லாம் அன்றாடம் போகும் சரக்கு. ஒருவர் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறார். ஆட்டோ ஓட்டுபவர், முதல்முறையாகக் கார் வாங்கியிருந்தார். பழைய மாருதி 800. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். பின்னால் ‘டர்போ’ என்று ஒட்டச் சொன்னார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தி கூட்டும் டர்போ அதில் கிடையவே கிடையாது. கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒட்டி முடித்ததும் சின்னப் பெண் வந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் தள்ளி நின்று வண்டியைப் பார்த்த பார்வையில் பொய் எதுவும் இல்லை. யாரையும் ஏமாற்ற அவர் அதை ஒட்டவில்லை. அது அவர் வீட்டின் முதல் கார். அதற்கு ஏதாவது ஒரு சிறப்பு செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுபவர்களைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஆனால் அந்த எழுத்துகள் சும்மா வந்தவை அல்ல என்பதையும் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். பி.எம்.டபிள்யூ. தன் பந்தயப் பிரிவை 1972-ல் தொடங்கியது. ‘எம்’ அங்கிருந்து வந்த எழுத்து. ஹோண்டாவின் சிவப்பு ‘எச்’ டைப் ஆர் வண்டிகளுக்கு உரியது. கிரில்லைச் சுற்றி ஓடும் சிவப்புக் கோடு 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.யில் இருந்தது. அந்த வண்டிக்கு 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். சின்னக் குடும்பக் காருக்கு அன்றைக்கு அது பெரிய சங்கதி. அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓர் இன்ஜின் இருந்தது, பிரேக் இருந்தது, அதைச் சரிபார்த்த ஆட்கள் இருந்தார்கள். இன்று அதே சிவப்புக் கோடு பம்பர் ஓரத்திலும் சீட் தையலிலும் ஏ.சி. வென்டைச் சுற்றியும் எல்லா விலை வண்டியிலும் ஓடுகிறது.

கடையில் ஒட்டுவது ஒரு பக்கம். கம்பெனிகளே ஒட்டி அனுப்புவது இன்னொரு பக்கம். யார்டில் வாங்க வருபவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். 2014-ல் வந்த ஹூண்டாய் எலைட் ஐ20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்று வேரியன்ட்கள். பெட்ரோலில் எல்லாவற்றுக்கும் அதே 1.2 லிட்டர், 83 குதிரைத்திறன் இன்ஜின். ‘ஸ்போர்ட்ஸ்’ என்பது வசதிகளின் அடுக்கில் ஒரு படியின் பெயர். “ஸ்போர்ட்ஸ் மாடல்ங்களா, அப்ப பிக்கப் நல்லா இருக்குமுங்களே” என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். இல்லைங்க, இன்ஜின் ஒன்றுதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். சிலர் முகம் வாடும். பரவாயில்லை, வாங்கிப் போய் வாடுவதை விட வாங்குவதற்கு முன் வாடுவது நல்லது.

‘லைன்’ என்ற சொல்லும் அப்படித்தான். எழுத்துக்குப் பின்னால் லைன் என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் டைகுனிலும் விர்டஸிலும் ஜி.டி. என்றால் 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன். 2024-ல் வந்த ஜி.டி. லைனில் இருப்பது 1 லிட்டர், 115. கறுப்பு கிரில், கறுப்பு அலாய் எல்லாம் பார்க்க அழகு. அதைப் பிடித்து வாங்கினால் தவறே இல்லை. ஜி.டி. என்று நினைத்து வாங்கினால்தான் தவறு. ஹூண்டாய் தன் வேக வண்டிகளுக்கு வைக்கும் ‘என்’ எழுத்தின் கதையும் உண்டு. ஐரோப்பாவில் விற்ற ‘ஐ20 என்’ 204 குதிரைத்திறன் கொண்டது. இங்கே 2021-ல் வந்த ஐ20 என் லைன் 120 தான். சாதாரண ஐ20 டர்போவிலும் அன்றைக்கு அதே இன்ஜின்தான் இருந்தது.

ஆனாலும் ஐ20 என் லைனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதில் சஸ்பென்ஷனை இறுக்கியிருந்தார்கள், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தார்கள். எங்கள் யார்டில் ஒன்று வந்தபோது பாலக்காடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் கூடியதாக எதுவும் தெரியவில்லை. ஆனால் வளைவில் வண்டி மனசு மாறாமல் நின்றது. ஸ்டிக்கருக்குக் கீழே யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ். இன்னொன்று. 1 லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். அதிகம் விற்கவில்லை. வெளியில் பார்த்தால் சாதாரண பலேனோவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனாலேயே நிறையப் பேர் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் வண்டி ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. சாதாரண பெட்ரோல் டியாகோவுக்கு 85 குதிரைத்திறன், இதற்கு டர்போ வைத்து 114. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் இது. பந்தய வண்டி கட்டத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. அந்தக் கைகள் ஒரு சின்னக் குடும்பக் காரைத் தொட்டிருக்கின்றன என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அதன் விற்பனை சீக்கிரமே நின்றுபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இப்போதும் ஒன்று யார்டுக்கு வந்தால் மற்ற வேலையை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பொருளின் மேல். காலிப்பர் கவர். காலிப்பர் என்பது பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம். சிவப்பு பிளாஸ்டிக்கில் பெரிய காலிப்பர் மாதிரி செய்து, உள்ளே இருக்கும் சின்னக் காலிப்பர் மேல் மாட்டுவது. ஒருமுறை வந்த வண்டியில் காலிப்பரே இல்லாத பின் சக்கர டிரம் பிரேக் மேலேயே ஒன்றை ஒட்டியிருந்தார்கள். முன் சக்கரத்தைக் கழற்றினால் கவர் வெப்பத்தில் நெளிந்து, ஒரு மூலை வீலின் உட்புறத்தில் உரசி அரைவட்டமாகத் தடம் போட்டிருந்தது. உள்ளே பிரேக் பேட் தேய்ந்து தகடாகிவிட்டது. கவர் மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. அந்தக் குடும்பம் முந்தின வாரம்தான் அதே வண்டியில் வால்பாறை போய் வந்திருக்கிறது. ஆழியாற்றிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது அத்தனைக்கும் பிரேக் பிடிக்க வேண்டும். எழுத்து பொய் சொன்னால் பணம்தான் போகும். பிரேக் விஷயத்தில் அப்படி விட முடியாது. எங்கள் யார்டுக்கு வரும் வண்டியில் காலிப்பர் கவர் இருந்தால், யாரையும் கேட்காமல் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

2021-ல் ஒரு போலோ வந்தது. சிவப்பு நிறம், 2014 மாடல். பின்கதவில் ஜி.டி. டி.எஸ்.ஐ., அதாவது போலோவின் டர்போ பெட்ரோல் வகையின் பெயர். கிரில்லிலும் ஜி.டி. கொண்டுவந்த பையனுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், கூட அவன் அப்பா. மூன்று வருஷம் முன்னால் தெரிந்தவர் ஒருவர் மூலம் வாங்கியது, ஜி.டி. என்பதால் அறுபதாயிரம் அதிகம் கொடுத்தோம் என்றான். பணம் அப்பாவுடையது.

கட்டைவிரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தேன். கீழே கிளட்ச் பெடல். அந்த வருஷத்து ஜி.டி. டி.எஸ்.ஐ. இந்தியாவில் வந்தது ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக்கில் மட்டும். கிளட்சோடு அந்த வண்டி கிடையாது. ஆர்.சி.யைப் பார்த்தேன், 1198 சி.சி. சாதாரண 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் போலோ, 75 குதிரைத்திறன். ஜி.டி. டி.எஸ்.ஐ. நான்கு சிலிண்டர், 105 குதிரைத்திறன், அதன் சி.சி. 1197. ஆர்.சி.யில் பார்த்தால் ஒரே ஒரு சி.சி.தான் வித்தியாசம். தெரியாதவர் கண்ணில் அது எப்படிப் படும்?

அப்பா டீ குடிக்கப் போகும் வரை காத்திருந்தேன். பையனைக் கூப்பிட்டுக் கிளட்சைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “ஓட்டுறப்ப எனக்கு ஒண்ணும் தெரியலைங்கண்ணா. இதுதான் என் முதல் வண்டி” என்றான். ரிப்போர்ட்டில் எப்படி எழுதப் போகிறேன் என்று கேட்டான். உள்ளதைத்தான் எழுத முடியும், தம்பி என்றேன். அப்பாவிடம் நான் சொல்லட்டுமா என்றேன். வேண்டாங்க, நானே சொல்லிக்கறேன் என்றான்.

சொன்னான். நான் தள்ளி நின்றேன், காதில் விழவில்லை. அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். என்னிடம் வந்து, “ஏனுங்க, மத்தபடி வண்டி எப்படி இருக்குதுங்க?” என்றார். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆயில் கசிவு இல்லை, அடிபட்ட வண்டி இல்லை. முன் டயர் இரண்டும் தேய்ந்து விட்டது, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்றேன். விற்க வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். அந்த அறுபதாயிரம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாள் கழித்துப் பையன் மட்டும் வந்தான். முன் டயர் இரண்டும் புதிது. கைதட்டி அழைத்துக் காட்டினான். அப்புறம், அந்த எழுத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். யார்டில் அது என் வேலை இல்லை, ஆனாலும் ஹீட் கன் எடுத்து வந்தேன். பசை இளகியதும் தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் கொடுத்து இழுத்தால் வந்துவிடும். வந்தது. வெயில் படாத இடத்தில் ஆழ்ந்த சிவப்பாக ஜி.டி. என்று அப்படியே இருந்தது, சுற்றிலும் வெளுத்துப்போன சிவப்பு. பாலிஷ் போட்டால் பாதி போகும் என்றேன். ‘போலோ’வை எடுக்காதீங்கண்ணா என்றான். அது கம்பெனியில் ஒட்டியது, எடுக்க மாட்டேன் என்று சொல்லி, அந்த நான்கு எழுத்தையும் ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தேன்.